அசுவினி மந்திரி

காராமணிக்குத் தண்ணீர் ஊற்ற நல்ல நேரம் காலை ஆறு மணி. மாலையில் ஊற்றினால் இலை விடியும்வரை ஈரத்தில் கிடந்து பூஞ்சாணம் பிடித்துவிடும். எங்கள் சந்தில் பலருக்கும் இதை நான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர் யாரும் கெட்டுப்போகவில்லை. இப்போது என்னைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்கள் என்பதால், நல்லதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

நடந்ததை எழுத்தில் தரும்படி தெருத் தலைவர் கேட்டார். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நடந்தது என்ன என்பது அதில் இருக்கிறது. ஏன் என்று எழுத அந்தத் தாளில் இடம் போதவில்லை.

என் பெயர் தர்சோனோ. மாலாங் நகரத்து அரசு மருத்துவ நிலையத்தில் முப்பத்தோரு வருடம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு முகம் மட்டும் தெரிகிற அளவுக்குத்தான் அந்த ஜன்னல். ஒரு முகம் போனால் அடுத்த முகம் வரும். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார்கள். நான் சொல்வேன். அதன்படி நடப்பார்கள். போலீஸ் அதிகாரிகூட ஒருமுறை என் பேச்சைக் கேட்டு மூன்று நாள் மிளகாய் சாப்பிடாமல் இருந்தார்.

ஜனவரியில் ஓய்வு பெற்றேன். அதன் பிறகுதான் ஒன்று தெரிந்தது: எங்கள் சந்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. என் மனைவி லாஸ்மியைத் தெரியாதவர் இல்லை. மாதர் குழுவுக்கு அவள்தான் செயலாளர். கல்யாணமோ சாவோ, பெரிய அண்டாவைத் தூக்க யார் யார் வரவேண்டும் என்று சொல்கிறவளும் அவள்தான். நான் லாஸ்மி அக்காவின் வீட்டுக்காரர். சாக்கடை சுத்தம் செய்யும் ஞாயிற்றுக்கிழமையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். பதினான்கு வீட்டிலிருந்தும் வந்தவர்களின் பெயர் இருந்தது. என் வரிசையில் 'லாஸ்மியின் கணவர்' என்று எழுதியிருந்தது. நான் திருத்தவில்லை. தகவல் சரியானதுதான்.

மே மாதம், மழை நின்று வெயில் ஏறத் தொடங்கியபோது, எதிர்வீட்டு அம்மா இபு ஹார்த்தினி ஒருநாள் காலையில் கூச்சல் போட்டார். அவர் கணவரை இழந்தவர். வீட்டு வாசலிலேயே பெச்சல் விற்கிறார்; வேகவைத்த காய்களின் மேல் காரமான கடலைச் சாறு ஊற்றிச் சோற்றோடு கொடுப்பார். அதில் போடுகிற காராமணி அவர் வேலியோரம் விளைவது. அன்று அந்தக் கொடிகளின் நுனியெல்லாம் கறுப்பாக, மை கொட்டினது போல இருந்தது. செடிச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி, அசுவினி.

"ஐயையோ, செடிக்குப் பேன் பிடிச்சிருச்சே. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடவா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார். தெருவில் நான்தான் இருந்தேன்.

"பிடுங்காதீங்க. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி இருக்கா? ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன். இலைக்கு அடிப்பக்கமா அடிங்க. மேல அடிச்சா பிரயோஜனமில்ல, அதுங்க கீழதான் குடியிருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

நான்கு மாதமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

"மூணு நாளைக்கு ஒரு தடவை. மொத்தம் மூணு தடவை. காலையில."

"நான் சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி," என்றேன். அவசியமில்லைதான். ஆனால் கேட்டுவிட்டார்.

ஒன்பது நாளில் கொடி சுத்தமாயிற்று. ஹார்த்தினி வாழையிலையில் பெச்சல் கட்டிக்கொண்டு வந்து லாஸ்மியிடம், "பாக் மந்திரிக்குக் குடுத்துடுங்க" என்றார். எங்கள் ஜாவாவில் பாக் என்றால் ஐயா; மந்திரி என்றால் நாட்டை ஆளுகிறவர் அல்ல. வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறாரே, அவர். மருத்துவ நிலையத்தில் இருந்த முப்பத்தோரு வருடமும் நான் அந்தப் படியை எட்டவில்லை. ஊசி போடும் அறை எனக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தது. அன்று சாப்பிட்ட பெச்சலில் உப்பு சரியாக இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த வருடம் ஆகஸ்ட் பதினேழில் வரும் எங்கள் சுதந்திர தினத்துக்குப் பசுமைச் சந்துப் போட்டி அறிவித்திருந்ததால் வீட்டுக்கு வீடு காராமணி போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு அசுவினியும் இருந்தது. ஆளுக்கொரு இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். மாலை நான்கு மணி என்று நேரம் வைத்தேன். வாசலில் பெஞ்சு போட்டேன். பழைய அரைக்கைச் சட்டை, வெளிர் நீலம், பெட்டியில் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டேன். கூட்டம் சேர்ந்ததும் அட்டையை வெட்டி எண் எழுதி டோக்கன் கொடுத்தேன். ஆலோசனையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், மறந்துவிடக்கூடாதே.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பாக் குனார்த்தோ மட்டும் சிரித்தார். "சோப்புத் தண்ணிக்கு எதுக்குய்யா டோக்கன்? கப்பல் ஏறவா போறோம்?" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு ஆறாம் எண்ணை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மருந்து வேலை செய்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ஜூன் நடுவில் சந்து முழுக்க ஓர் அசுவினி இல்லை. நான்கு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு பூனை வந்தது. இரண்டாம் நாள் ஒருவர் வந்தார். தையல்காரர் வீடு எது என்று கேட்டார். மூன்றாம் நாள் லாஸ்மி எட்டிப் பார்த்தாள். "யாரும் வரலையா? நல்லதுதானே. சும்மாதானே இருக்கீங்க, இந்த அப்பளத்தைக் கொஞ்சம் வெயில்ல திருப்பிப் போடுங்க" என்றாள். திருப்பிப் போட்டேன். எழுபத்திரண்டு அப்பளம்.

அந்த வாரம் எங்கள் சொந்தத் தொட்டியில் இருந்த காராமணியில் ஒரு துளிரின் அடியில் பதினேழு அசுவினியைக் கண்டேன். சோப்புத் தண்ணீர் கையில்தான் இருந்தது. ஆனால் ஒரு நோயைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் அதை ஒழிப்பது பொறுப்பான செயலாக எனக்குப் படவில்லை. தொட்டியைக் குளியலறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக் கொசுவலைத் துணியால் மூடினேன். ஆராய்ச்சிக்காக.

நீங்கள் அசுவினியை உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டீர்கள். ஆண் துணை இல்லாமலே அது குட்டி போடும். பிறக்கிற குட்டியின் வயிற்றுக்குள் அதற்கு அடுத்த குட்டி உருவாகிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் பேத்தி எடுத்துவிடும். எறும்பு வந்து மீசையால் தடவிக் கொடுத்தால் தேன்போல ஒரு சொட்டு விடும். எறும்பு அதைக் குடித்துவிட்டு அதற்குக் காவல் நிற்கும். எறும்புகளுக்கு நான் தட்டில் கொஞ்சம் சர்க்கரை வைத்தேன். வேலைக்காரர்களை நன்றாக வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டு வாரத்தில் தொட்டியில் இடம் போதவில்லை. தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு மணி முதல் மூன்று மணிவரை எங்கள் சந்தில் எல்லாரும் தூங்குவார்கள். லாஸ்மியின் மேசையில் முகத்துக்குப் பவுடர் போடுகிற பிரஷ் ஒன்று இருந்தது, மிக மென்மையானது. அசுவினியின் கால் ஒடியாமல் எடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஹார்த்தினியின் வேலிக்கு ஒன்பது கொண்டுபோனேன். ஒன்பதுதான். பத்துகூட வைக்கவில்லை.

எட்டாம் நாள் நான்கு மணிக்கு ஹார்த்தினி இலையோடு வந்தார். முகத்தில் கவலை. உட்காரச் சொன்னேன். டோக்கன் எண் ஒன்று கொடுத்தேன். அவர் போகும்போது, "நீங்க மட்டும் இல்லேன்னா நாங்கெல்லாம் என்ன பண்ணுவோமோ, பாக் மந்திரி" என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முறையாகச் செய்தேன். ஒரே நாளில் மூன்று பேருக்கு மேல் வராதபடி வீடுகளைப் பிரித்துக்கொண்டேன். கூட்டம் அதிகமானால் சரியாகக் கவனிக்கமுடியாது. உடம்பு முடியாதவர்கள் வீட்டுக்கு ஐந்து, மற்றவர்களுக்கு ஒன்பது. பாக் குனார்த்தோவுக்கு நாற்பது. அளவு என்பது நோயாளியின் தன்மையைப் பொறுத்தது.

ஜூலை நடுவில் பொறிவண்டுகள் வந்தன. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்தவை. அசுவினி எங்கே இருந்தாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். கடைசி வீட்டு ரெத்னோ டீச்சர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர், வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சோப்புத் தண்ணி எதுக்கு? சும்மா விடுங்க. ஒரு பொறிவண்டு ஒரு நாளைக்கு அம்பது பேனைத் தின்னும். டோக்கனும் கேக்காது, சீட்டும் எழுதாது."

எல்லாரும் சிரித்தார்கள். ஹார்த்தினியும் சிரித்தார்.

நான் பொறிவண்டுகளைக் கொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரொட்டி டப்பாவில் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் தூங்கிவிடும். நூற்று அறுபத்து மூன்று சேர்ந்ததும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஆற்றுக்கு அப்பால் வயல்காட்டில் விட்டேன். அரசு ஊழியனாக இருந்தவனுக்குத் தெரியும், இது தண்டனை இல்லை. இடமாற்றம்.

போட்டிக்காகச் சந்தின் குறுக்கே மூங்கிலால் நீளமான பந்தல் கட்டி அதில் காராமணியைப் படரவிட்டிருந்தோம். பச்சைக் காய்கள் சாட்டை சாட்டையாகத் தொங்கும். நடுவர்கள் அதன் அடியில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. என் எண்ணம் எளிமையானது. பந்தலில் ஒரு சிறிய நோய். ஆகஸ்ட் பத்தாம் தேதி தெரியவரவேண்டும். பதினைந்துக்குள் குணமாகவேண்டும். பதினாறாம் தேதி நடுவர்கள் வரும்போது, இந்தப் பந்தலைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று யாராவது சொல்லாமலா போவார்கள். சந்துக்கே நல்ல பெயர். ஜூலை கடைசியில் ஓர் ஏணி, ஒரு பிரஷ், சுமார் இருநூறு அசுவினி. மத்தியானம் இரண்டரை மணி.

பத்தாம் தேதி தெரியவந்தது. தலைவர் கூட்டம் போட்டார். நான் சீட்டுக் கட்டோடு போயிருந்தேன். ரெத்னோ டீச்சர் எழுந்தார்.

"மருந்து அடிக்காத தோட்டத்துக்குத்தான் இந்தத் தடவை மார்க் அதிகம். சோப்பும் மருந்துதான். என் செடியில மட்டும் முப்பது பொறிவண்டு இருந்துச்சு, நானே எண்ணினேன். இப்பக் கொஞ்ச நாளாக் காணோம், ஆனா வரும். பேனு கூடினா கண்டிப்பா வரும்."

"எப்ப வரும்?" என்று தலைவர் கேட்டார்.

"ரெண்டு மூணு நாள்ல வந்துடும்."

கை தூக்கச் சொன்னார்கள். பதின்மூன்று வீடு பொறிவண்டுக்குக் கை தூக்கியது. பிறகு என்னைப் பார்த்தார்கள். நானும் தூக்கினேன். பொறிவண்டுகள் ஆற்றுக்கு அப்பால் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் தீர்மானம் ஒருமனதாக இருப்பது நல்லது.

ஆறு நாள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்து பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். பதினாறாம் தேதி மூன்று நடுவர்கள் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். கூம்பாகக் குவித்த மஞ்சள் சோற்றை லாஸ்மி நடுவில் கொண்டுவந்து வைத்தாள். தலைவர் வரவேற்புரை படிக்கத் தொடங்கினார்.

அசுவினி தேன்போல ஒரு சொட்டு விடும் என்று சொன்னேன் அல்லவா. இருநூறு அசுவினி மூன்று வாரத்தில் எத்தனை ஆகும் என்று நான் கணக்கிட்டுச் சொல்லப்போவதில்லை. முதலில் பெரிய நடுவர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அது தவறு. மற்றொரு நடுவர் எழ முயன்றபோது பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே எழுந்தது. மஞ்சள் சோற்றின் மேல் எறும்புகள் ஒரே வரிசையாக ஏறின. தலைவர் வரவேற்புரையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். அது முதல் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினெட்டுச் சந்துகள் போட்டியில் இருந்தன. நாங்கள் பதினெட்டாவது.

அன்று மாலை எல்லாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஹார்த்தினி நடுவில் வந்து நின்றார். முந்தானைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொத மொத பேன் வந்தது என் வேலியிலதான். என்கிட்டேருந்துதான் பரவியிருக்கும். எல்லாரும் மன்னிச்சுக்கங்க" என்றார். அவர் போய் வேலியோரம் இருந்த பதினெட்டுக் கொடிகளையும், காயும் பூவுமாக இருந்தவற்றை, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நிற்க வேறு இடம் இல்லை, எதிர்வீடுதானே.

மறுநாள் நான்கு மணிக்கு அவர் என்னிடம் வந்தார். கையில் இலை இல்லை.

"பாக் மந்திரி, என் மண்ணுல ஏதாச்சும் கோளாறா? இல்ல, என் கைராசிதான் சரியில்லையா?"

நான் சீட்டுக் கட்டை எடுத்தேன். பிறகு சீட்டில் எழுதினேன்: இருபது நாளைக்கு எதுவும் நடவேண்டாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் அவருடைய பெச்சலில் முட்டைக்கோசும் முளைப்பயறும் மட்டும்தான் இருந்தன. வாங்கிச் சாப்பிட்டேன். காராமணி இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது.

மாட்டிக்கொண்டது இப்படித்தான். வெள்ளிக்கிழமை மாதர் குழுக் கூட்டத்துக்கு லாஸ்மி பவுடர் போட்டுக்கொண்டு போனாள். கணக்கு வாசிக்கிற நடுவில் ரெத்னோ டீச்சர் கிட்டே வந்து, "அக்கா, அசையாதீங்க" என்று அவள் கன்னத்திலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். "அக்கா, இது தலைப்பேன் இல்ல. காராமணிப் பேன். உங்க கன்னத்துல எப்படி?" என்று கேட்டாராம். முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

லாஸ்மி வீட்டுக்கு வந்து பிரஷ்ஷை என் முன்னால் வைத்தாள்.

"இதை எதுக்கு எடுத்தீங்க?"

"தூசு தட்ட."

"எந்தத் தூசு குட்டி போடுது?"

அவள் நேராகக் குளியலறைக்குப் பின்னால் போனாள். தொட்டியைப் பார்த்தாள், கொசுவலையைப் பார்த்தாள், எறும்புக்கு வைத்த சர்க்கரைத் தட்டைப் பார்த்தாள். அது அவளுடைய கல்யாணத் தட்டு. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். சரி, முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

"ஹார்த்தினி பதினெட்டுச் செடியப் பிடுங்கினா. நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க. இப்ப நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவள் சொன்னால், லாஸ்மியின் கணவர் செய்தார் என்றுதான் எழுதுவார்கள். நானே போனேன்.

தலைவர் கூட்டிய கூட்டத்தில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எந்த வீடு, எந்தத் தேதி, எத்தனை. கடைசியில் பாக் குனார்த்தோ கேட்டார்.

"எனக்கு எத்தனை வச்சே?"

"நாப்பது."

"எல்லாருக்கும் ஒம்பது, எனக்கு மட்டும் நாப்பதா? நான் உனக்கு என்னய்யா பண்ணேன்?"

சிலர் சிரித்தார்கள். ஹார்த்தினி சிரிக்கவில்லை. தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா இந்தக் கையத்தான் நான் திட்டிக்கிட்டிருந்தேன், பாக்" என்றார். அதற்கு எழுதிக் கொடுக்க என்னிடம் சீட்டு இல்லை.

தண்டனை கையெழுத்தாகிவிட்டது. தினமும் நான்கு மணிக்குப் பதினான்கு வீட்டுக்கும் போய், மருந்து அடிக்காமல், ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கவேண்டும். சந்தில் ஓர் அசுவினி இல்லை என்று ரெத்னோ டீச்சர் பார்த்துச் சொல்லும் நாளோடு தண்டனை முடியும். ஹார்த்தினிக்குப் பதினெட்டு விதையும் நானே ஊன்றிக்கொடுத்துவிட்டேன். நான்கு இலை விட்டிருக்கிறது.

தண்டனையை ஒழுங்காகச் செய்து வருகிறேன். எல்லாரும் வாசலில் காத்திருக்கிறார்கள். பாக் குனார்த்தோ அரை மணி நேரம் திட்டுகிறார். நடுவில் காப்பி கொடுக்கிறார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். "தர்சோனோ, இந்த இலையப் பாரு. தர்சோனோ, அங்க விட்டுட்டே பாரு" என்று ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் தாமதமானால், இன்னும் தர்சோனோவைக் காணோமே என்று ஆள் அனுப்புகிறார்கள்.

ஆள் வரவேண்டும் என்பதற்காக நான் இதைச் செய்தேன் என்று லாஸ்மி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மருத்துவம் தெரியாது. நான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டுவிட்டேன், திருந்தியும்விட்டேன். சந்து ஏறக்குறைய சுத்தமாகிவிட்டது. நாளைக் காலை டீச்சர் கடைசியாகப் பார்வையிட வருகிறார். இன்று மாலை ஹார்த்தினி வேலியை நிதானமாகத் துடைத்து முடித்தேன். ஒரே ஓர் இலை விட்டுப்போயிற்று. வயதாகிவிட்டது, கண் முன்போல் தெரிவதில்லை. அந்த இலையின் அடியில் பெரியவை நான்கு, குட்டிகள் ஏழு.